மே மாச வெயில்ல மொட்டைமாடிப் பிறந்தநாள்: விலங்கு கப்கேக் நிக்குமா, உருகுமா?

பெருமாள்புரம்_அம்மா
எல்லாருக்கும் வணக்கம். மகளுக்கு மே மூணாவது வாரம் 5 வயசு ஆகுது. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மொட்டைமாடியில சாமியானா போட்டு, தெருப் பிள்ளைங்க, சொந்தக்காரப் பிள்ளைங்கன்னு முப்பது பேர் வருவாங்க. பெரிய கேக் வேண்டாமாம், ஆளுக்கொரு கப்கேக், அதுல மிருக மூஞ்சி இருக்கணுமாம். புலி, யானை, அப்புறம் "கூந்தன்குளத்துல பாத்த கொக்கு". பள்ளிக்கூடத்துல அந்தப் பறவைகள் சரணாலயத்துக்குக் கூட்டிட்டுப் போனதுல இருந்து அதே பேச்சுதான்.

என்கிட்ட 28 லிட்டர் ஓடிஜி (கேக் சுடுற கரண்ட் அடுப்பு) இருக்கு. சாதா கேக் நல்லா வரும், அலங்காரம் பண்ணிப் பழக்கமில்ல. வீட்டுக்காரர் பக்கம் சைவம், முட்டை கூடாது. வீடியோ எல்லாத்துலயும் ஃபாண்டன்ட் (களிமண் மாதிரி பிசையுற சீனி மாவு) வச்சுதான் மூஞ்சி செய்றாங்க. நம்ம ஊர் வெயிலுக்கு எது சரி, ஃபாண்டன்டா கிரீமா?

சாந்திநகர்_மைனி
பட்டர்கிரீம் மட்டும் வேண்டாம், அதை முதல்லயே அடிச்சிருங்க. வெண்ணெய் 32, 35 டிகிரிக்குள்ள உருகிரும். மே மாசம் நம்ம பாளையில 38, 39 சாதாரணம். அஞ்சு மணிக்கு வெயில் இறங்கினாலும் மாடித் தளம் சூட்டை விடாது. புலி மூஞ்சி வழிஞ்சு கழுத்துக்கு வந்துரும்.

பால் சேராத விப்பிங் கிரீம் கொஞ்சம் தாங்கும். அதுவும் பிரிட்ஜுல இருந்து எடுத்து அரை மணிக்குள்ள பரிமாறினாத்தான்.

ஊரைவிட்டு_கோவையில்
ஃபாண்டன்ட் பத்தி எல்லாரும் பயப்படுதீங்க. அது சீனி மாவு, வெயில்ல உருகாது. ரெண்டு மூணு நாளைக்கு முன்னாடியே காது, மூக்கு, மூஞ்சி எல்லாம் செஞ்சு, சீக்கிரம் இறுகுறதுக்கு சிஎம்சி பொடி கொஞ்சம் சேத்துப் பிசைஞ்சு ஃபேன் காத்துல காய வச்சா கல்லு மாதிரி ஆயிரும். விசேஷத்தன்னிக்கு எடுத்து மேல வைக்க வேண்டியதுதான். நான் போன டிசம்பர்ல அப்படித்தான் செஞ்சேன், அழகா நின்னுச்சு.

சாந்திநகர்_மைனி
கோயம்புத்தூர் டிசம்பரை வச்சு பாளையங்கோட்டை மே மாசத்துக்குக் கணக்குப் போடாதீங்க தங்கச்சி.

ஜங்ஷன்_பழைய_மாஸ்டர்
ரெண்டு பேர் சொல்றதுலயும் விஷயம் இருக்கு. நான் ஜங்ஷன் பக்கம் பேக்கரியில ரொம்ப காலம் மாஸ்டரா இருந்தவன், அதனால கொஞ்சம் நீட்டிச் சொல்லுதேன், கோவிச்சுக்காதீங்க.

ஃபாண்டன்ட் சூட்டுல உருகாதுங்கிறது வாஸ்தவம். அதுக்கு எமன் ஈரம். விப்பிங் கிரீம் மேல வச்சீங்கன்னா கிரீம்ல உள்ள தண்ணியை உறிஞ்சி கொழகொழன்னு ஆகும். பிரிட்ஜுக்குள்ள வச்சு வெளிய எடுத்தா வேர்த்துக் கொட்டும், கண்ணுக்கு வச்ச கருப்பு ஒழுகி புலி அழுற மாதிரி இருக்கும். கிரீமுக்கு பிரிட்ஜ் வேணும், ஃபாண்டன்டுக்கு பிரிட்ஜ் ஆகாது. ரெண்டையும் ஒரே கப்புல வச்சா யாராவது ஒருத்தர் கெட்டுத்தான் போவாங்க.

அந்தக் காலத்து பேக்கரிக் கேக்குல வெள்ளை ஐசிங், ரோஸ் பூ எல்லாம் ஷோகேஸ்ல நாள் பூரா நின்னுச்சே, எப்படின்னு கேப்பீங்க. அது வெண்ணெய் இல்ல, வனஸ்பதி. அதான் அண்ணாக்குல மெழுகா ஒட்டும். அதுல இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு இருந்துச்சு. 2022 ஜனவரியில இருந்து அது 2 சதவீதத்துக்கு மேல இருக்கக் கூடாதுன்னு சட்டமே வந்தாச்சு. பிள்ளைங்களுக்குக் குடுக்கதுக்கு அந்த வழிக்கே போக வேண்டாம்.

என்னைக் கேட்டா கனாஷ். டார்க் காம்பவுண்ட் சாக்லேட் ரெண்டு பங்கு, பிரெஷ் கிரீம் ஒரு பங்கு. கிரீமை ஓரத்துல குமிழ் கட்டுற வரைக்கும் சுட வச்சு, நறுக்கின சாக்லேட் மேல ஊத்தி, ரெண்டு நிமிஷம் தொடாம விட்டு, அப்புறம் நடுவுல இருந்து கிண்டணும். மே மாசத்துக்கு சாக்லேட்டை இன்னும் கொஞ்சம் கூட்டிக்கிடலாம். வெள்ளை சாக்லேட்னா மூணுக்கு ஒண்ணு. ராத்திரி மூடி வச்சிட்டா காலையில பூசுற பதத்துக்கு வந்திரும்.

பெருமாள்புரம்_அம்மா
நன்றி அண்ணாச்சி. ஆனா கனாஷ்னா பழுப்பும் வெள்ளையும் மட்டும்தானே? புலிக்கு ஆரஞ்சு, யானைக்கு சாம்பல் நிறம் எங்க போவேன்? கடையில வாங்கின திரவ நிறம் இருக்கு, அதை வெள்ளைச் சாக்லேட்டுல ஊத்தலாமா?

ஜங்ஷன்_பழைய_மாஸ்டர்
ஊத்தவே ஊத்தாதீங்க. உருகின சாக்லேட்டுல ரெண்டு சொட்டு தண்ணி பட்டாலே திரிஞ்சு களிமண் மாதிரி இறுகிரும். கிரீம் சேத்து கனாஷ் ஆன பிறகு ஜெல் நிறம் கலக்கலாம், தனிச் சாக்லேட்டுக்கு எண்ணெயில கரையுற நிறம்தான்.

கடையம்_கனி
ஏன் நிறத்தைப் பிடிச்சுத் தொங்குதீங்க? முதல்ல மிருகத்தை முடிவு பண்ணிட்டு அப்புறம் நிறத்துக்கு அலையுறதாலதான் இந்தப் பாடு. வீட்டுல இருக்க சாமான் என்ன நிறமோ, அந்த நிறத்துல உள்ள மிருகத்தை எடுத்துக்கிடுங்க.

எங்க ஊர்ப் பக்கம் மலையில சிங்கவால் குரங்கு இருக்கு. கருப்பு மூஞ்சி, சுத்தி வெள்ளிப் பிடரி. இதுக்கு என்ன வேணும்? டார்க் கனாஷும் தேங்காய்த் துருவலும். அம்புட்டுதான். களக்காடு முண்டந்துறை நம்ம மாநிலத்தோட முதல் புலிகள் காப்பகம், 1988ல அறிவிச்சது, அதுல இருக்க குரங்கை விட்டுட்டு எவனோ வீடியோவுல செய்ற பாண்டாவையும் ஒட்டகச்சிவிங்கியையும் எதுக்கு நாம செய்யணும்?

சாந்திநகர்_மைனி
குரங்கு யோசனை பிரமாதம். தேங்காய் மட்டும் பச்சையா துருவிப் போட்டுறாதீங்க, சாயங்காலத்துக்குள்ள ஊசிப்போகும். கடையில விக்கிற காஞ்ச துருவல் பாக்கெட் வாங்குங்க.

வல்லநாட்டு_வாசி
அப்படியே ஆட்டுக்குட்டியும் செய்யலாம். தூத்துக்குடி மக்ரூனை நொறுக்கி வெள்ளைக் கனாஷ் மேல ஒட்டினா சுருள் சுருளா கம்பளி மாதிரி இருக்கும். மூஞ்சிக்கு ஒரு பாதாம். எங்க அக்கா மகனுக்குச் செஞ்சோம், பிள்ளைங்க கம்பளியை மட்டும் பிச்சுத் தின்னுட்டு ஓடுச்சுங்க.

பெருமாள்புரம்_அம்மா
மக்ரூன்ல முட்டை வெள்ளைக்கரு இருக்கே! எங்க அத்தைக்குத் தெரிஞ்சா விசேஷமே நடக்காது.

வல்லநாட்டு_வாசி
அட ஆமால்ல. அப்போ மார்ஷ்மெல்லோவை கத்திரியால வெட்டி ஒட்டுங்க, அதுவும் கம்பளி மாதிரிதான் இருக்கும்.

மேலப்பாளையம்_லாத்தா
அதுலயும் கவனம் வேணும்மா. மார்ஷ்மெல்லோவுல பெரும்பாலும் ஜெலட்டின்தான். மாட்டு எலும்பு, தோல், சில நாட்டுச் சரக்குல பன்றி. உங்க வீட்டுல சைவம், எங்க வீட்டுல ஹலால், ரெண்டு பேருக்கும் ஒரே பிரச்சனை. பாக்கெட்ல பச்சைப் புள்ளி (சைவம்) இருக்கா, பழுப்பு முக்கோணமா (அசைவம்)ன்னு பாத்து வாங்குங்க. பச்சைப் புள்ளி போட்டதும் கிடைக்குது. சில ஃபாண்டன்ட்லயும் ஜெலட்டின் சேப்பாங்க. முப்பது பிள்ளைங்க வர்ற இடத்துல எல்லா வீட்டுப் பிள்ளையும் திங்கிற மாதிரி இருந்தாத்தானே நல்லாருக்கும்.

பெருமாள்புரம்_அம்மா
லாத்தா, நல்லவேளை சொன்னீங்க. மகளோட சிநேகிதி ஒருத்தி உங்க ஊர்தான். ஆடு வேண்டாம். குரங்கு கட்டாயம் உண்டு. ஆனா புலியும் யானையும் இல்லாம விடமாட்டா.

கடையம்_கனி
புலிக்கு மஞ்சள் தூள். சிரிக்காதீங்க. மஞ்சளோட நிறம் கொழுப்புல நல்லா கரையும். 200 கிராம் வெள்ளைக் கனாஷுக்கு அரைச் சிட்டிகை போட்டா வாசனையே தெரியாது, நல்ல மஞ்சள் வரும். ஆரஞ்சு வராது. ஆனா கருப்புக் கோடு சரியா விழுந்துட்டா எந்தப் பிள்ளையும் "இது புலி இல்ல"ன்னு சொல்லாது.

ஒண்ணு மட்டும். மஞ்சளைக் கேக் மாவுல கலந்துறாதீங்க. ஆப்பசோடா பட்டா சிவந்துரும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேத்துக் குங்குமம் பண்ணுதாங்கள்ல, அதே வேலைதான் அங்கயும் நடக்கும். கேக் பூரா செம்புள்ளியா இருக்கும்.

ஊரைவிட்டு_கோவையில்
பீட்ரூட் சாறு போட்டு ரோஸ் நிறம் எடுக்கலாமே, பூநாரைக்கு?

கடையம்_கனி
அடுப்புல வச்சா பழுப்பாயிரும். சுடாத கிரீமுல கலந்தா நிக்கும். அதுவும் சாறா ஊத்தாம சுண்ட வச்சு கெட்டியாக்கி.

மேலப்பாளையம்_லாத்தா
நிறம் வாங்குறதா இருந்தா உணவுக்கு அனுமதி உள்ளதுன்னு டப்பாவுல எழுதி, உரிம எண் போட்டதா பாத்து வாங்குங்க. பொட்டலம் கட்டித் தர்ற ரோஸ் பொடியைத் தொடாதீங்க. 2024 பிப்ரவரியில பஞ்சுமிட்டாய்க்கு நம்ம அரசு தடை போட்டது அதுல ரோடமின் பி இருந்ததாலதான். அது துணிக்குப் போடுற சாயம்.

டவுண்_தேரடி
யானைக்கு நான் சொல்லுதேன். கருப்பு எள்ளை லேசா வறுத்து நைசா அரைச்சு வெள்ளைக் கனாஷ்ல கலந்தா அசல் யானை நிறம். ருசியும் எள்ளுருண்டை ருசி.

சாந்திநகர்_மைனி
பிறந்தநாளன்னிக்கு கருப்பு எள்ளா? எங்க மாமியா இருந்தா கேக்கோட சேத்து நம்மளையும் வெளிய அனுப்பிருவாவ.

டவுண்_தேரடி
முறுக்குல எள் போடுதோமே, அதுக்கு யாரும் ஒண்ணும் சொல்லலையே மைனி?

சாந்திநகர்_மைனி
எங்க வீட்டு முறுக்குல போடுறது வெள்ளை எள். உங்க வீட்டுல சம்மதம்னா தாராளமா போடுங்க. அந்தம்மா வீட்டுல பெரியவங்க இருக்காங்கன்னுதான் சொன்னேன்.

பெருமாள்புரம்_அம்மா
மைனி சொல்றது சரிதான். எள் பேச்சை எடுத்தா அத்தை ஒருவாரம் பேசமாட்டாங்க.

வல்லநாட்டு_வாசி
சவத்த விடுங்க. யானை பழுப்பாவே இருக்கட்டும். காட்டுல யானையைப் பாத்தவங்களுக்குத் தெரியும், செம்மண்ணை அள்ளி மேல போட்டுக்கிட்டு அது எந்த நாள் சாம்பல் நிறத்துல நிக்கிது? வெள்ளைக் கனாஷ்ல டார்க் கனாஷ் ரெண்டு ஸ்பூன் கலந்தா மண் பூசின யானை.

டவுண்_தேரடி
இதுவும் நல்லாத்தான் இருக்கு! அப்போ காதையும் சொல்லிருதேன். வீடியோ பாத்துச் செய்றவங்க எல்லாரும் ஆப்பிரிக்க யானையைத்தான் செய்றாங்க, முறம் போல காது. நம்ம யானைக்குக் காது சின்னது, தலை உச்சியில ரெண்டு மேடு இருக்கும். மேரி பிஸ்கட்டை பாதியா ஒடிச்சு ரெண்டு பக்கமும் செருகினா ஆப்பிரிக்கா. கால்வாசியா ஒடிச்சுச் செருகுனா நெல்லையப்பர் கோயில் வாசல்ல நின்ன காந்திமதி. பெண் யானை, அதனால தந்தம் வைக்கிற வேலையும் மிச்சம். நெத்தியில வெள்ளைச் சாக்லேட்டுல பட்டை இழுத்துருங்க. 2025 ஜனவரியில காந்திமதி இறந்து போனதுல இருந்து எங்க தெருப் பிள்ளைங்க யானை எங்கன்னு இன்னும் கேக்குதுங்க.

பெருமாள்புரம்_அம்மா
என் மகளும்தான். அவ கேட்ட யானையே அதுதான் அண்ணாச்சி.

கொக்குக்கு வழி சொல்லுங்க. கழுத்தை எப்படி நிப்பாட்டுறது? பல்குச்சி வைக்கலாமா?

சாந்திநகர்_மைனி
பல்குச்சி வேண்டவே வேண்டாம். அஞ்சு வயசுப் பிள்ளை அப்படியே வாயில திணிக்கும். பிளாஸ்டிக் கண்ணும் வேண்டாம்.

நாங்குநேரி_பறவைப்பித்து
கூந்தன்குளத்துல அவ பாத்தது கொக்கா இருக்காது, மஞ்சமூக்கு நாரையா இருக்கும். ஆரஞ்சு மூஞ்சி, மஞ்சள் அலகு, வால்கிட்ட ரோஸ் சிறகு. இல்லேன்னா கூழைக்கடா. நாரையைக் கப்கேக்குல கொண்டுவர்றது கஷ்டம், கழுத்தும் காலும் இல்லேன்னா அது நாரையே இல்ல. அதுக்குப் பதிலா வரித்தலை வாத்து செய்யுங்க. வெள்ளைத் தலை, பின்பக்கம் ரெண்டு கருப்பு வரி, மஞ்சள் அலகு. தலை மட்டும் போதும். வெள்ளைக் கனாஷ் பூசி, டார்க் கனாஷ்ல ரெண்டு வரி இழுத்து, பாதி முந்திரியை மஞ்சள் கனாஷ்ல முக்கி அலகா வச்சா முடிஞ்சுது.

ஒரு சின்ன விஷயம். மே மாசம் அந்த வாத்து இங்க இருக்காது, மத்திய ஆசியாப் பக்கம் கிளம்பிப் போயிருக்கும். நாரையும் கூழைக்கடாவும்தான் குஞ்சுகளோட இருக்கும்.

வல்லநாட்டு_வாசி
கப்கேக்குக்கும் சீசன் பாக்கணுமா வே?

நாங்குநேரி_பறவைப்பித்து
பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாம இருக்க ஊரு அது. அந்த ஊர்ப் பறவையைச் செய்றப்போ ரெண்டு வரியாவது சரியா இருக்கட்டும்னுதான் சொன்னேன்.

பெருமாள்புரம்_அம்மா
வாத்தே செய்றேன், கொக்குன்னு சொல்லிச் சமாளிச்சுக்கிடுதேன். முட்டை இல்லாத கேக்குக்கு நல்ல அளவு யாராவது குடுங்க. என் அளவுல மேல கூம்பா எழும்பி வெடிச்சிருது, மூஞ்சி வரைய தட்டையா வேணும்.

சாந்திநகர்_மைனி
மைதா ஒன்றரை கப், கெட்டித் தயிர் ஒரு கப், சீனி முக்கால் கப் பொடிச்சது, வாசனை இல்லாத எண்ணெய் அரை கப், பேக்கிங் பவுடர் ஒண்ணேகால் டீஸ்பூன், ஆப்பசோடா அரை டீஸ்பூன், வெனிலா எசன்ஸ் ஒரு டீஸ்பூன். தயிரும் சீனியும் கரைஞ்ச பிறகு பவுடரையும் சோடாவையும் தயிர்ல போட்டு அஞ்சு நிமிஷம் விடுங்க, நுரைச்சு வரும். அப்புறம் எண்ணெய், எசன்ஸ், கடைசியா சலிச்ச மைதா. மைதா போட்ட பிறகு ரொம்ப அடிக்காதீங்க, ரப்பர் மாதிரி ஆயிரும். பன்னெண்டு கப்கேக் வரும்.

கூம்பா எழும்பினா சூடு ஜாஸ்தின்னு அர்த்தம். ஓடிஜியில 180 வச்சிருப்பீங்க, 160, 165 வச்சு ரெண்டு மூணு நிமிஷம் கூட விடுங்க. கப்புல மூணுல ரெண்டு பங்கு மாவுதான் ஊத்தணும். அப்படியும் எழும்பினா ஆறின பிறகு கத்தியால சீவிருங்க, சீவினது வேலை செய்றவங்களுக்கு.

உங்க ஓடிஜியில ஆறு குழித் தட்டுதான் போகும். எல்லாத் தட்டுக்கான மாவையும் ஒண்ணா கலக்கி வச்சிராதீங்க, சோடா காத்திருக்காது, கடைசித் தட்டு எழும்பாது. அப்பப்போ கலக்குங்க. வெந்ததும் தட்டுல இருந்து எடுத்துருங்க. சூட்டோட தட்டுலயே விட்டாலோ மூடி வச்சாலோ ஈரம் கட்டி பேப்பர் கப்பு கழண்டு விரியும்.

ஜங்ஷன்_பழைய_மாஸ்டர்
அளவு சரியா இருக்கு. குரங்குக்கு மட்டும் சீனிக்குப் பதிலா உடன்குடி கருப்பட்டி போட்டுப் பாருங்க. கொஞ்சூண்டு வெந்நீர்ல கரைச்சு கட்டாயம் வடிகட்டணும், மண் இருக்கும். பாகு சேருறதால தயிரைக் கொஞ்சம் குறைக்கணும். டார்க் கனாஷோட கசப்புக்கு அந்த வாசம் அப்படிப் பொருந்தும்.

அம்பை_புதுசு
குறுக்க வாரதுக்கு மன்னிக்கணும். என்கிட்ட ஓடிஜியே இல்ல. இட்லிச் சட்டியில முடியுமா?

மேலப்பாளையம்_லாத்தா
தாராளமா. அடிகனமான சட்டியில உப்பு ஒரு விரல்கடை பரப்பி, மேல ஸ்டாண்ட் வச்சு, மூடி பத்து நிமிஷம் சூடாக்குங்க. சின்ன எவர்சில்வர் கிண்ணத்துக்குள்ள பேப்பர் கப்பை இறக்கி மாவு ஊத்தி உள்ள வைங்க. குக்கர்னா கேஸ்கட்டும் வெயிட்டும் எடுத்துரணும், தண்ணி ஊத்தக் கூடாது. சிம்முக்கும் மீடியத்துக்கும் நடுவுல அரை மணி கிட்ட ஆகும். மேல பொன்னிறம் வராது, வெளுப்பாத்தான் இருக்கும். மேல கனாஷ் பூசப் போறதால அது தெரியாது.

அப்படியே புலிக் கோடு, வாத்து வரி எல்லாத்துக்கும் கிரீம் பிழியுற நாசில் வாங்கக் காசைப் போடாதீங்க. பட்டர் பேப்பரை மருதாணிக் கோன் மாதிரி சுத்தி நுனியைக் குண்டூசி அளவு வெட்டினா போதும். எங்க பக்கத்துப் பிள்ளைங்க இதை உங்களுக்கு நிமிஷத்துல போட்டுத் தருவாங்க.

கடையம்_கனி
குரங்கு மூஞ்சிக்கு ஒரு யோசனை. கேக் மேல கனாஷை முழுசும் பூசிட்டு, ஓரத்துல மட்டும் ஒரு விரல் அகலத்துக்குத் தேங்காய்த் துருவலைத் தொட்டு எடுங்க. கப்பைச் சாய்ச்சு தட்டுல உள்ள துருவல்ல உருட்டினா தானா வட்டமா ஒட்டிக்கிடும். நடுவுல கருப்பு மூஞ்சி காலியா இருக்கும். அதுல வெள்ளைச் சாக்லேட் பொட்டு ரெண்டு, அந்தப் பொட்டு மேல டார்க் கனாஷ் புள்ளி, கண் வந்தாச்சு. ரெண்டு புள்ளியையும் கொஞ்சம் கிட்டக் கிட்ட வைங்க. தள்ளி வச்சா ஆந்தை ஆயிரும். கனாஷ் காயுறதுக்கு முன்னாடி துருவல்ல உருட்டிரணும், காஞ்சிட்டா ஒட்டாது.

ஊரைவிட்டு_கோவையில்
சரி, என் ஃபாண்டன்ட் தோத்துப் போச்சு போல. ஆனா "5"ங்கிற எண் மட்டும் ஃபாண்டன்ட்ல செஞ்சு காய வச்சு நடு கப்கேக்குல குத்துங்க, அது கனாஷ் மேல நல்லா நிக்கும்.

ஜங்ஷன்_பழைய_மாஸ்டர்
நிக்கும். கனாஷ்ல தண்ணி கம்மி. அதை ஒத்துக்கிடுதேன்.

பெருமாள்புரம்_அம்மா
எல்லாருக்கும் கோடி நன்றி. இப்படித் தீர்மானிச்சிருக்கேன்: குரங்கு பதினஞ்சு, காந்திமதி யானை பத்து, புலி ஆறு, வாத்து அஞ்சு. மொத்தம் 36, தட்டுக்கு ஆறுன்னு பாதி அளவா ஆறு தடவை கலக்கினா சரியா வரும். முந்தின நாள் ராத்திரி கேக்கும் கனாஷும், மறுநாள் காலையில பூசுறது. மூணு வயசுக்குக் கீழ உள்ளதுங்களுக்கு முந்திரி இல்லாத குரங்குதான். ஏசி ரூம்ல வச்சிட்டு அஞ்சரைக்கு மேல கொண்டுபோறேன்.

ரெண்டே சந்தேகம். முந்தின நாள் மின்தடைன்னா என்ன பண்ண? மாடியில எறும்பு ஜாஸ்தி, அதுக்கு?

சாந்திநகர்_மைனி
மாசாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்த ஏரியாவுக்கு எந்தத் தேதின்னு முன்னாடியே பேப்பர்ல போட்டுருவாங்க. பெரும்பாலும் காலையில ஒம்பதுல இருந்து மத்தியானம் ரெண்டு மணி வரை. பாத்து வச்சுக்கிட்டு அதுக்குத் தகுந்த மாதிரி அடுப்பைப் பத்த வைங்க. பூசுறது அன்னிக்குன்னா ஏசி ஓடாது, அதை ஞாபகம் வச்சுக்கிடுங்க.

எறும்புக்கு மேசைக் கால் நாலையும் தண்ணி ஊத்தின கிண்ணத்துல நிப்பாட்டுங்க. மேசை விரிப்பு தரையில படாம மடிச்சு விடணும், இல்லேன்னா அதைப் பிடிச்சு ஏறிரும். எறும்புப் பொடி மட்டும் போட்டுறாதீங்க, பிள்ளைங்க தரையிலதான் உக்காந்து திங்கும்.